லாரிப் பலகையில் ஒரு பேனா

786

ஆத்தூர்
2.8.2024

தம்பி ஆண்ட்ரூஸுக்கு மஸ்தான் பீவி அக்கா எழுதுவது. உங்கள் வீட்டில் எல்லோருக்கும் இறைவன் சுகம் தரட்டும்.

போன செவ்வாய்க்கிழமை என் மகள் ஷைமாவோடு சேலத்துக்கு வந்து, கோணியில் சுற்றிய ஒரு பலகைத் துண்டை உங்களிடம் கொடுத்துவிட்டுப் போனேனே, அந்த அக்காதான். கடைசல் மிஷின் சத்தத்தில் நான் சொன்னது பாதி உங்கள் காதில் விழுந்திருக்காது. அதனால்தான் எழுதுகிறேன். எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு, கடைசியில் சொல்கிறேன்.

அந்தப் பலகை எங்கள் லாரியின் பின்பக்கத்துப் பலகை. என் வீட்டுக்காரர் அப்துல் சலாம் அந்த லாரியை இருபத்திரண்டு வருடம் ஓட்டினார். ஆத்தூர் மில்களில் ஜவ்வரிசி மூட்டை ஏற்றிக்கொண்டு நாக்பூர், இந்தூர் என்று போவார். நாமக்கல்லில் பாடி கட்டியபோது பதினோரு நாள் பட்டறையிலேயே கிடந்தாராம். பலகை பலகையாகத் தட்டிப் பார்த்து, "இது கருவேலமில்ல, மாத்து" என்று திருப்பி அனுப்புவாராம். பட்டறைக்காரர் மாரியப்பன் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பார்.

மார்ச் மாதம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை, வலது கால் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. சொல்வதெல்லாம் புரிகிறது, பதில்தான் வாயில் வருவதில்லை. அவர் ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே லாரியை விற்கவேண்டியதாகிவிட்டது. வாங்கினவர்கள் காயலான் கடைக்குப் பிரித்துப்போட்டார்கள். நான் ஓடிப்போய் இந்த ஒரு பலகையை மட்டும் கேட்டு வாங்கி வந்தேன்.

பயிற்சி கொடுக்க வருகிற பெண் நித்யஸ்ரீ, அவரை இடது கையால் எழுதிப் பழகச் சொல்கிறாள். அவர் பேனாவைத் தொடவே மாட்டேன் என்கிறார். அவருடைய லாரிப் பலகையிலேயே ஒரு பேனா இருந்தால் பிடித்துக்கொள்வார் என்று எனக்குத் தோன்றியது. இடது கைக்கு வாகாக, கொஞ்சம் தடிமனாகச் செய்யுங்கள்.

இன்னொரு காரணம் என்றேனே. நித்யஸ்ரீ என்னிடம், "அம்மா, நீங்க எதிர்ல உக்காந்து தினம் ஒரு பக்கம் எழுதுங்க. பாத்துப் பாத்து அவருக்கும் கை வரும்" என்றாள். தினமும் யாருக்கு எழுதுவது? இன்றைக்கு நீங்கள் கிடைத்தீர்கள். அவர் கட்டிலிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

துஆவுடன்,
மஸ்தான் பீவி


இயேசுவுக்குப் புகழ்

அரிசிபாளையம், சேலம்
12.8.2024

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை என் மனைவி அக்சிலியாவும் படித்தாள். "எவ்வளவு அழகான கையெழுத்து, நீங்க எழுதுனா கோழி கிளறுன மாதிரி இருக்கு" என்றாள். பேனா செய்கிறவனுக்குக் கையெழுத்து வராதது பெரிய வெட்கம்தான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

பலகையைப் பிளந்து ஒரு துண்டைக் கடைந்தாயிற்று. கட்டில் கால் கடைந்த காலத்திலிருந்து நான் எத்தனையோ மரம் பார்த்திருக்கிறேன், இப்படி ஒரு மரத்தைப் பார்த்ததில்லை. இரண்டு முறை உளியைத் தீட்டவேண்டியிருந்தது. ஆணி இருந்த இடத்தைச் சுற்றி இரும்பு கறுத்து ஊறியிருக்கிறது. அதை வெட்டி எறிய மனம் வரவில்லை. மூடியில் அந்தக் கறுப்பு ஒரு கண் மாதிரி தெரியும்படி விட்டிருக்கிறேன். சலாம் பாய்க்குத் தன் வண்டி என்று பார்த்தவுடன் தெரியும்.

இனி எண்ணெய் பூசும் வேலை. லின்சீட் ஆயில், நம் பேச்சில் ஆளிவிதை எண்ணெய். காய்ச்சின எண்ணெய் என்று டப்பாவில் போட்டிருப்பான். உண்மையில் யாரும் காய்ச்சுவதில்லை, சீக்கிரம் காய்வதற்கு மருந்து கலக்கிறார்கள். வார்னிஷ் அடித்தால் மரத்துக்கு மேலே கண்ணாடி ஒட்டியது போல இருக்கும். எண்ணெய் அப்படியில்லை, மரத்துக்குள்ளே இறங்கும். பழைய துணியில் தொட்டு, மிஷினில் சுற்றவிட்டுத் தேய்க்கவேண்டும். ஒவ்வொரு பூச்சுக்கும் நடுவில் காயவிடவேண்டும். ஐந்து பூச்சு என்று வைத்திருக்கிறேன். அவசரப்படுத்தாதீர்கள் அக்கா.

மிச்சப் பலகை பத்திரமாக இருக்கிறது.

பாய்க்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

தங்கள் தம்பி,
ஆண்ட்ரூஸ்


இயேசுவுக்குப் புகழ்

சேலம்
29.8.2024

அன்புள்ள அக்காவுக்கு,

இத்துடன் பேனாவை அனுப்பியிருக்கிறேன். பஞ்சு சுற்றி, மரப்பெட்டியில் வைத்திருக்கிறேன். உங்கள் லாரி பார்த்த வெயிலும் மழையும் இதற்குள் இருக்கின்றன. மூடியில் கறுப்பு விடுவதாக எழுதியிருந்தேன், அந்த இடம் பலமில்லாமல் இருந்ததால் எடுத்துவிட்டேன்.

வேலை அதிகம். சுருக்கமாக முடிக்கிறேன்.

ஆண்ட்ரூஸ்


786

ஆத்தூர்
9.9.2024

அன்புள்ள தம்பிக்கு,

பேனா வந்து சேர்ந்தது. கண்ணாடி போட்டுப் பார்த்தேன், போடாமலும் பார்த்தேன். செவசெவ என்று நிறம், எவ்வளவு வழுவழுப்பு! ஷைமா தன் போனில் படம் பிடித்துத் தெருவுக்கே காட்டிவிட்டாள். எதிர்வீட்டு சின்னண்ணன்கூட வந்து கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "லாரிப் பலகையா இது? நம்பவே முடியலியே" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது.

அவரிடம் கொடுத்தேன். இடது கையில் வாங்கினார். ரொம்ப நேரம் கையிலேயே ஏந்திக்கொண்டிருந்தார், கறி எடை பார்ப்பது போல. நகத்தால் கீறிப் பார்த்தார். மூக்குக்குக் கொண்டுபோனார். அப்புறம் படுக்கையில் வைத்துவிட்டார். முதல் நாள்தானே, பழகட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஒரு சந்தேகம் தம்பி. கோபித்துக்கொள்ளாதீர்கள். பேனாவில் புதுப் பெயிண்ட் அடித்த வீட்டு வாசனை அடிக்கிறது. அவருக்கு அது பிடிக்கவில்லையோ என்னவோ. போகுமா?

இன்னொன்று. என் மகன் தௌசீப் ஓசூரில் கம்பெனியில் இருக்கிறான். மிச்சப் பலகையில் தனக்கும் ஒன்று வேண்டும் என்கிறான். பலகையை வைத்திருங்கள்.

நீங்கள் போன கடிதத்தை ஏன் அவ்வளவு சுருக்கமாக எழுதினீர்கள்? உடம்பு சரியில்லையா? அக்சிலியாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள். உங்கள் கடிதத்தை இவருக்கு நான் சத்தமாகத்தான் படித்துக் காட்டுகிறேன். மரத்தைப் பற்றி எழுதினால் கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறார். நிறைய எழுதுங்கள்.

துஆவுடன்,
அக்கா


இயேசுவுக்குப் புகழ்

சேலம்
17.9.2024

அன்புள்ள அக்காவுக்கு,

எண்ணெய் வாசனை ஒரு மாதத்தில் போய்விடும். மெல்லிய துணியால் தினமும் துடைத்து, நிழலில் காற்றாட வையுங்கள். கைச்சூடு படப்பட நிறமும் இன்னும் ஆழமாகும்.

மிச்சப் பலகை உள்ளே வெடித்திருந்தது. பேனாவுக்கு உதவாது. தௌசீப் தம்பியிடம் மன்னிக்கச் சொல்லுங்கள்.

உடம்புக்கு ஒன்றுமில்லை. கோயில் திருவிழா வேலை கொஞ்சம் இருந்தது.

ஆண்ட்ரூஸ்


786

ஆத்தூர்
6.10.2024

அன்புள்ள தம்பிக்கு,

இதை அவர் எதிரில் உட்கார்ந்து எழுதவில்லை. அடுப்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். உங்களுக்குப் படிக்கச் சங்கடமாக இருந்தால் கிழித்துப் போட்டுவிடுங்கள். சொந்தக்காரர்களிடம் சொல்ல முடியாததை, ஒரே ஒரு முறை பார்த்த உங்களிடம் சொல்கிறேன்.

பேனாவை அவர் தொடுவதில்லை. நான் எடுத்துக் கையில் வைத்தால் அதைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார், "பூ" என்கிறார். ஆறு மாதமாகப் பேச்சே வராத மனுஷனுக்கு முதன்முதலாக வாயில் வந்த சொல் அது. பூ. ப்பூ, நீயும் உன் பேனாவும் என்கிற மாதிரி. ஒரு தடவை இல்லை, பத்துத் தடவை. "பூ, பூ" என்று முகமெல்லாம் சிவக்க என்னைப் பார்த்துச் சொல்கிறார்.

எனக்கு விளங்கிவிட்டது தம்பி. அவரைக் கேட்காமல் நான் லாரியை விற்றேன். அவர் நினைவில்லாமல் கிடந்தார், யாரைக் கேட்பது? தௌசீப் "வித்துடலாம்மா" என்றான், நான் கையெழுத்துப் போட்டேன். அவர் வீட்டுக்கு வந்து ஜன்னல் வழியாக லாரி நிற்கும் இடம் காலியாகக் கிடப்பதைப் பார்த்தபோதே அவர் முகம் மாறியது. அந்தக் குற்றத்தைத்தான் இந்தப் பேனாவால் சமாதானம் செய்யப் பார்த்தேன். லாரியை விற்றுவிட்டு அதில் ஒரு விரல் நீளத்தைக் கொண்டுவந்து நீட்டுகிறாளே என்று அவருக்குத் தோன்றாதா? எனக்கே இப்போது கூசுகிறது.

போன வியாழக்கிழமை என்னால் தாங்க முடியவில்லை. "ஆமா, வித்தேன்தான். உங்க உசுரக் காப்பாத்த வித்தேன். அந்தத் தகரமும் பலகையும் இருந்து நீங்க இல்லாமப் போயிருந்தா இந்தப் பூ பூவ யாருகிட்ட சொல்லுவீங்க?" என்று கத்திவிட்டேன். அவர் பேனாவைத் தூக்கி எறிந்தார். சுவரில் பட்டு விழுந்தது. அப்புறம் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். இரண்டு நாளாக நான் ஊட்டினால் வாய் திறப்பதில்லை. ஷைமா ஊட்டினால் சாப்பிடுகிறார். முப்பத்தாறு வருடக் கல்யாணத்தில் அவரிடம் நான் கத்தியது அதுதான் முதல்.

தௌசீப்பிடம் சொல்லிவிட்டேன். வருகிற இருபதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, கார் எடுத்து வந்து அவரை ஓசூருக்கு அழைத்துப் போகிறான். என் முகத்தைப் பார்க்காமல் இருந்தால் கொஞ்சம் ஆறுவார். நான் இங்கேயே இருப்பேன்.

உங்கள் வேலையில் ஒரு குறையும் இல்லை. நீங்கள் மனசு கஷ்டப்படக் கூடாது என்றுதான் இதையெல்லாம் சொல்கிறேன். பேனாவை பீரோவில் வைத்துவிட்டேன்.

அக்கா


இயேசுவுக்குப் புகழ்

சேலம்
16.10.2024

மரியாதைக்குரிய அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. ஞாயிறுக்கு முன்னால் வந்து சேராமல் போய்விடுமோ என்று பயம். நாளை ஆத்தூர் பஸ் ஏறி நானே கொண்டு வருகிறேன். உங்கள் போன் நம்பரை மூன்று முறை எடுத்தேன், மணி அடிப்பதற்குள் வைத்துவிட்டேன்.

அக்கா, சலாம் பாய் உங்களை இகழவில்லை. அவர் பூவரசு என்று சொல்கிறார்.

அந்தப் பேனா உங்கள் லாரிப் பலகையில் செய்ததல்ல. என் பட்டறையில் கிடந்த பூவரசந்துண்டில் செய்தது. தூக்கிப் பார்த்த உடனே அவருக்குக் கனம் போதவில்லை என்று தெரிந்திருக்கிறது. நகம் இறங்கியதும் கருவேலமில்லை என்று தெரிந்திருக்கிறது. பட்டறையில் நின்று பதினோரு நாள் பலகை மாற்றச் சொன்ன மனிதர் அவர். அதை நீங்களே எனக்கு எழுதியிருந்தீர்கள். உங்களை ஏமாற்றிவிட்டார்கள் என்று உங்களுக்குச் சொல்லத்தான் அவர் பாடுபட்டிருக்கிறார்.

நடந்ததைச் சொல்கிறேன். உங்கள் பேனாவை நான் கடைந்து முடித்தது உண்மை. மூடியில் கறுப்புக் கண் விட்டதும் உண்மை. ஆகஸ்ட் இருபத்திநான்கு, சனிக்கிழமை மாலை கடைசிப் பூச்சு எண்ணெய் தேய்த்து முடித்தேன். அன்றைக்கு வேறு பேனாக்களுக்கும் பூசினேன். எண்ணெய் ஊறிய துணிகளைக் கசக்கி உருட்டி, மூலையில் சீவல் கொட்டுகிற அட்டைப்பெட்டிக்குள் போட்டேன். அப்படிப் போடக் கூடாது. அந்த எண்ணெய் காற்றுப்பட்டுக் காயும்போது தானாகச் சூடேறும். துணியை விரித்துக் காயப்போட்டால் ஒன்றுமில்லை, சூடு காற்றோடு போய்விடும். உருட்டிப் போட்டால் சூடு உள்ளேயே தங்கி, நெருப்பே வைக்காமல் பற்றிக்கொள்ளும். விரித்துப் போடு, அல்லது தண்ணீரில் முக்கி வை என்று டப்பாவிலேயே எழுதியிருக்கிறது. ஆறு வருடமாக அந்த டப்பாவை எடுக்கிறேன். ஒன்றும் ஆகாது என்று ஒரு திமிர்.

ஞாயிறு காலை நாங்கள் பூசைக்குப் போயிருந்தபோது பட்டறையிலிருந்து புகை வந்திருக்கிறது. பக்கத்து வீட்டு வீரபாகு பூட்டை உடைத்துத் தண்ணீர் ஊற்றியிருக்கிறார். மூலையும் பெஞ்சும் போயின. காய வைத்திருந்த உங்கள் பேனாவும் பெஞ்சுக்கு அடியில் இருந்த பலகையும் போயின. கையில் எடுத்தேன், கரியாக உதிர்ந்தது.

அப்போதே பஸ் ஏறி உங்களிடம் வந்திருக்கவேண்டும். நான் செய்தது வேறு. அன்று மத்தியானமே பூவரசை எடுத்துக் கடைய உட்கார்ந்தேன். அதன் ஓரம் வெளிறியிருக்கும். ஆளி எண்ணெய் பூசப் பூசச் சிவக்கும். காயக்கூட விடாமல் பூச்சுமேல் பூச்சு போட்டேன், அதனால்தான் அந்த வாசனை. அக்சிலியா வாசலில் நின்று, "அந்த லாரிக்கார அக்கா பலக என்னங்க ஆச்சு?" என்று கேட்டாள். "அது தப்பிச்சிருச்சு" என்றேன். அவள் சிலுவை போட்டுக்கொண்டாள். நீங்கள் வருந்துவீர்களே என்று செய்தேனா, கெட்ட பேர் வருமென்று செய்தேனா என்று பலமுறை யோசித்துவிட்டேன். கெட்ட பேருக்குப் பயந்துதான். உங்களை நினைக்கவே இல்லை.

வெயிலும் மழையும் இதற்குள் இருக்கின்றன என்று எழுதினேனே, அந்த வரியை நினைக்கும்போதெல்லாம் கையை அறுத்துக்கொள்ளலாம் போலிருக்கிறது. நீங்கள் வாசனையைப் பற்றிக் கேட்டபோது துடைத்து வையுங்கள் என்று வைத்தியம் சொன்னேன். மிச்சப் பலகை கேட்டபோது இன்னொரு பொய். உங்கள் போன கடிதம் வந்த அன்றைக்கு "பூ" என்று படித்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் எட்டு நாள் கடத்தினேன். என் வேலையில் குறையில்லை, நான் மனசு கஷ்டப்படக் கூடாது என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். அதற்குமேல் என்னால் முடியவில்லை. நேற்று அக்சிலியாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பஸ்ஸுக்கு எத்தனை மணிக்குக் கிளம்பவேண்டும் என்று மட்டும் கேட்டாள்.

பாயை அனுப்பாதீர்கள் அக்கா. அவருக்கு உங்கள்மேல் இருப்பதாக நீங்கள் நினைக்கிற கோபம் நான் உண்டாக்கியது.

நாமக்கல்லில் தெரிந்தவர் சிவக்குமார் பழைய லாரிகளைப் பிரிக்கிறார். அவரிடம் கருவேலம் பலகை இருக்கிறது. வேறு வண்டியுடையதுதான், உங்களுடையது என்று சொல்லமாட்டேன். நீங்கள் சரி என்றால் அதில் ஒன்று செய்து தருகிறேன். வேண்டாமென்றால் அதுவும் நியாயம்.

மன்னிப்புக் கேட்கும் யோக்கியதை இல்லாதவன்,
ஆண்ட்ரூஸ்


786

ஆத்தூர்
24.10.2024

ஆண்ட்ரூஸ் அவர்களுக்கு,

தம்பி என்று எழுத இன்றைக்குக் கை வரவில்லை. இப்படியே எழுதுகிறேன்.

ஷைமா உங்கள் கடிதத்தை உள்ளே கொண்டு வந்தாள். வழக்கம்போல மரத்தைப் பற்றி ஏதோ எழுதியிருப்பீர்கள், கேட்டால் கொஞ்சம் என் பக்கம் முகத்தைத் திருப்புவார் என்று, நான் முன்கூட்டிப் படிக்காமல் அவர் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாகப் படிக்க ஆரம்பித்துவிட்டேன். பூவரசு என்ற சொல் என் வாயில் வந்ததும் அவர் இடது கையால் கட்டிலை அடித்தார். "பூ... வ... பூவ..." என்றார். என்னையும் அடிக்க வருவது போல அடித்துக்கொண்டே இருந்தார். சிரித்தாரா அழுதாரா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. மறுபடி படிக்கச் சொல்லிக் கையைக் காட்டினார். படித்தேன். மூன்றாம் முறை பாதியில் ஷைமாதான் வாங்கி மிச்சத்தைப் படித்தாள்.

நான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது? நான்கு வாரமாக அந்த மனுஷன் எனக்கு ஒரு சொல்லைச் சொல்லப் பாடுபட்டிருக்கிறார். என்னை ஏமாற்றிவிட்டார்களே என்று துடித்திருக்கிறார். நான் அவரிடம் கத்தினேன். என் மனசில் லாரி குற்றமாகக் கிடந்தது, அதனால் அவர் எதைச் சொன்னாலும் எனக்கு அதுவாகவே கேட்டிருக்கிறது. இந்தப் பங்கை உங்கள்மேல் போடமாட்டேன். இது என்னுடையது.

அவரிடம் நேராகக் கேட்டேன். "அப்ப லாரிய வித்ததுல எம்மேல கோவமே இல்லையா?" அவர் இல்லை என்று தலையாட்டவில்லை. கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தார். பிறகு கை நீட்டி என் முந்தானையைப் பிடித்துக்கொண்டார். ராத்திரி சோற்றை என் கையால் வாங்கிக்கொண்டார். எனக்கு அது போதும்.

ஞாயிற்றுக்கிழமை தௌசீப் காரோடு வந்தான். நான் கட்டி வைத்த பையை அவரே இழுத்துப் பிரிக்கப் பார்த்தார். நான்தான் பிரித்து வைத்தேன். தௌசீப் பிரியாணி சாப்பிட்டுவிட்டுத் தனியாகத் திரும்பிப் போனான்.

இப்போது உங்கள் விஷயம். பலகை எரிந்ததற்கு நான் ஒரு வார்த்தை சொல்லமாட்டேன். டீசல் லாரியோடு குடும்பம் நடத்தினவளுக்கு நெருப்பு எப்படி வரும் என்று தெரியும். அன்றைக்கே வந்து சொல்லியிருந்தால் நான் அழுதிருப்பேன், உங்களுக்கு டீ போட்டுக் கொடுத்திருப்பேன். வாசனை அடிக்கிறதே என்று நான் கேட்டபோதாவது சொல்லியிருக்கலாம். அப்போது சொல்லியிருந்தால் நான் அவரிடம் கத்தியிருக்க மாட்டேன். அந்த வியாழக்கிழமையை உங்களால் எனக்குத் திருப்பித் தர முடியாது.

பேனாவை உங்களுக்கே திருப்பி அனுப்பிவிடலாம் என்று பீரோவிலிருந்து எடுத்தேன். அவர் கையை நீட்டி வாங்கிக்கொண்டார், தரமாட்டேன் என்கிறார். அதில் என்ன நினைக்கிறாரோ, எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நித்யஸ்ரீ அதை வைத்துக் கோடு போடப் பழக்குகிறாள்.

ஷைமா ஒன்று சொன்னாள். வாசல் கேட்டில் கடிதத்தைக் கொடுத்துவிட்டு, உள்ளே வாங்க என்று கூப்பிட்டும் வராமல், எதிர் டீக்கடையில் ஒரு மணி நேரம் எங்கள் வீட்டைப் பார்த்து உட்கார்ந்திருந்தீர்களாம். டீகூடக் குடிக்கவில்லையாம். என் வீட்டு வாசல்வரை வந்த ஆள் தண்ணீர் குடிக்காமல் திரும்பினார் என்று கேட்டு அவருக்கு வருத்தம். எனக்கும்தான், இந்தக் கோபத்திலும்.

நான் இனி உங்களுக்குக் கடிதம் எழுதப்போவதில்லை. உங்கள் மன்னிப்பை நான் அவருக்குப் படித்துக் காட்டினேன், அது என் வாய். உங்கள் வாயால் அவர் கேட்கவில்லை. பதில் பேச முடியாதவர் முன்னால் உட்கார்ந்து சொல்வது சுலபமில்லை, எனக்குத் தெரியும். நான் அதைத்தான் ஏழு மாதமாகச் செய்கிறேன்.

வெள்ளிக்கிழமை வேண்டாம், ஆட்கள் வந்து போவார்கள். செவ்வாய்க்கிழமை காலையில் வாருங்கள். அக்சிலியாவையும் அழைத்து வாருங்கள். சிவக்குமாரிடம் பலகை ஒன்றும் கேட்க வேண்டாம். வரும்போது கையில் எதுவும் கொண்டு வராதீர்கள்.

மஸ்தான் பீவி